உங்கள் தெருவில் தொடர்மாடி வருகிறதா? ஒன்ராறியோவில் நகரசபைக் கூட்டத்துக்குப் போகுமுன் செய்யவேண்டியவை

எங்கள் வீட்டிலிருந்து நான்கு நிமிட நடையில் ஒரு பழைய பிளாசா இருந்தது. அதை இடித்துவிட்டு இரண்டு உயரமான தொடர்மாடிகள் கட்டப் போவதாகப் பலகை வைத்தார்கள். ஒரு மாலை, பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் என்றார்கள், போனேன். கையை உயர்த்தி, திட்டத்தில் மூன்று படுக்கையறை வீடுகளே இல்லையே, அம்மா அப்பாவோடு இருக்கும் குடும்பங்கள் எங்கே போவது என்று கேட்டேன். முன்னால் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார். நான் பேசியது சட்டப்படி நடத்த வேண்டிய பொதுக்கூட்டமே இல்லையாம். அந்தக் கூட்டம் ஒரு வேலைநாள் காலையில், நான் வேலையில் நின்ற நேரத்தில் நடந்திருக்கிறது. நகரசபைக் கோப்பில் என் பெயரில் ஒரு வரிகூட இல்லை. நான் எழுத்தில் எதையும் கொடுக்கவில்லை, அதனால் எனக்கு யாரும் எதையும் அறிவிக்கவும் இல்லை.

அடுத்த காணிக்கு விண்ணப்பம் வந்தபோது ஒழுங்காகச் செய்தேன். அதற்காக வாசித்தவை, தொலைபேசியில் கேட்டறிந்தவை, பிழைவிட்டுப் பழகியவை எல்லாம் கீழே இருக்கின்றன. கட்டடம் வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் வழி ஒன்றுதான். ஆதரிப்பவர்கள் "நடக்கத்தானே போகிறது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அதனால் கூட்டத்தில் எதிர்ப்புக் குரல் மட்டுமே கேட்கிறது. அதுவும் நல்லதல்ல.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். 2024 ஜூன் 6 இல் ஒன்ராறியோவில் சட்டம் மாறியது. அதன்பிறகு, நகரசபை அனுமதித்த ஸோனிங் (எந்தக் காணியில் எதை, எவ்வளவு கட்டலாம் என்ற விதி) மாற்றத்தை எதிர்த்து அயலவர் ஒருவர் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய முடியாது. விண்ணப்பதாரர், அந்தக் காணியின் பதிவுபெற்ற உரிமையாளர், அரச அமைப்புகள், சட்டம் பெயர் குறிப்பிட்ட சில நிறுவனங்கள் ஆகியோருக்கே அந்த உரிமை. "இங்கே தோற்றால் மேலே போகலாம்" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. நீங்கள் செய்யக்கூடியதெல்லாம் நகரசபை தீர்மானிக்கும் முன்தான்.

1. பலகையைப் படம் எடுங்கள், கோப்பு இலக்கத்தை எழுதிவையுங்கள்

காணியின் முன்னால் நிற்கும் அறிவித்தல் பலகையில் கோப்பு இலக்கம், விண்ணப்ப வகை, பொறுப்பான பிளானரின் (விண்ணப்பத்தை ஆராயும் நகர அலுவலரின்) பெயர், தொடர்பு விபரம் ஆகியவை இருக்கும். இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பிலும் அந்தக் கோப்பு இலக்கம் இருக்க வேண்டும். முகவரி மட்டும் போட்டு எழுதினால், ஒரே முகவரியில் இரண்டு மூன்று விண்ணப்பங்கள் இருக்கும்போது உங்கள் கடிதம் வேறு கோப்புக்குப் போய்விடும்.

ஸோனிங் மாற்றத்துக்கான அறிவித்தல், காணியிலிருந்து 120 மீற்றருக்குள் உள்ள சொத்துகளின் உரிமையாளர்களுக்குத் தபாலில் வரும். உரிமையாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பேஸ்மென்டிலோ வாடகை அப்பாட்மென்டிலோ இருப்பவருக்கு அந்தக் கடிதம் கையில் கிடைக்காமலே போகலாம். 150 மீற்றரில் இருப்பவருக்கும் வராது. கடிதம் வரவில்லை என்றால் பேச உரிமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேசவும் எழுதவும் யாருக்கும் உரிமை உண்டு. குடியுரிமையோ சொந்த வீடோ தேவையில்லை.

2. இது எந்த வகை விண்ணப்பம்?

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். வகையைப் பொறுத்தே உங்களுக்குப் பேச இடம் உண்டா இல்லையா என்பது இருக்கிறது.

ஸோனிங் பைலோ (நகரசபை நிறைவேற்றும் உள்ளூர்ச் சட்டம்) மாற்றம்: அடர்த்தி பற்றிய விவாதம் பெரும்பாலும் இதில்தான் நடக்கும். உயரம், மொத்தத் தளப்பரப்பு, எல்லையிலிருந்து விடவேண்டிய தூரம் எல்லாம் இதில் தீர்மானமாகின்றன. சட்டப்படியான பொதுக்கூட்டம் ஒன்றாவது நடக்க வேண்டும். சிலவேளை ஒஃபிஷியல் பிளான் (நகரத்தின் நீண்டகாலக் காணிப் பயன்பாட்டுத் திட்டம்) மாற்றமும் இதோடு சேர்ந்து வரும்.

சிறு விலக்கு: உள்ள விதியிலிருந்து கொஞ்சம் விலக அனுமதி கேட்பது. இது நகரசபைக்குப் போகாது, இப்படியான விலக்குகளைத் தீர்மானிக்கும் இணக்கக் குழுவுக்குப் (கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட்) போகும். அறிவித்தல் 60 மீற்றருக்குள்தான் அனுப்பப்படும், விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன் வந்தால் போதும். நேரம் மிகக் குறைவு. இதிலும் அயலவரின் மேன்முறையீட்டு உரிமை 2022 நவம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது.

தளத் திட்ட அனுமதி: வாகனப் பாதை, மரங்கள், குப்பை எடுக்கும் இடம் போன்றவை. 2022 ஜூலையிலிருந்து இதை அலுவலர்களே முடிவெடுக்கிறார்கள், நகரசபை வாக்கெடுப்பு இல்லை. ஆகவே லொறி எங்கே திரும்பும் என்பதுதான் உங்கள் கவலை என்றால், அதை ஸோனிங் கட்டத்திலேயே எழுத்தில் வையுங்கள்.

நகரசபையின் ஸோனிங் அனுமதியே தேவைப்படாதவையும் உண்டு. நீர், கழிவுநீர் இணைப்புள்ள நகர்ப்புறக் குடியிருப்புக் காணிகளில் மூன்று அலகுகள் (தனித்தனி வீடுகள்) வரை 2022 இலிருந்து மாகாணம் முழுவதும் ஸோனிங் மாற்றமின்றிக் கட்டலாம். ரொறன்ரோவில் 2023 இலிருந்து நான்கு அலகுகள், 2025 இலிருந்து ஒன்பது வட்டாரங்களில் ஆறு அலகுகள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று அலகு கட்டுவதற்கு எதிராக நகரசபையில் பேச நாள் கேட்டு அலையாதீர்கள், அப்படி ஒரு கூட்டமே இருக்காது. அதேபோல, மாகாண அமைச்சர் நேரடியாக ஸோனிங் கட்டளை பிறப்பித்திருந்தால் நகரசபை விசாரணை இல்லாமலே விதி மாறிவிடும். இவற்றை முதலிலேயே பிளானரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

3. கோப்பைத் திறந்து வாசியுங்கள்

பெரும்பாலான நகரங்கள் விண்ணப்ப ஆவணங்களை இணையத்தளத்தில் வைக்கின்றன. இல்லாவிட்டால் பிளானரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், அனுப்புவார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் வாசிக்கும் ஒழுங்கு இதுதான்.

முதலில் கட்டடக்கலை வரைபடத்தின் முதல் தாள்களில் உள்ள புள்ளிவிபர அட்டவணை. காணியின் பரப்பு, மொத்தத் தளப்பரப்பு, அலகுகளின் எண்ணிக்கை, அதில் ஒரு படுக்கையறை எத்தனை, மூன்று படுக்கையறை எத்தனை, வாகனத் தரிப்பிடம், சைக்கிள் தரிப்பிடம் எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். நேரமே இல்லை என்பவர் இதை மட்டுமாவது வாசிக்க வேண்டும்.

அடுத்தது திட்டமிடல் நியாயப்பாட்டு அறிக்கை. விண்ணப்பதாரரின் பிளானர், ஏன் இந்த இடத்தில் இவ்வளவு அடர்த்தி பொருந்தும் என்று வாதிடும் கடதாசி இது. எந்தக் கொள்கைகளை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் எழுதும் கடிதத்திலும் அதே கொள்கைகளைக் கொண்டு பேசினால் நகரத்தின் பிளானர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

பிறகு போக்குவரத்து ஆய்வும், நீர், கழிவுநீர், மழைநீர் பற்றிய அறிக்கையும். போக்குவரத்து ஆய்வில் வாகனங்களை எண்ணிய திகதியைத் தேடுங்கள். பாடசாலை விடுமுறையில் எண்ணியிருந்தால் அது எழுத வேண்டிய விடயம். கழிவுநீர் அறிக்கையின் முடிவுரையில் "மேம்பாடு தேவை" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக வரைவு பைலோ. கட்டடத்தை உண்மையில் கட்டுப்படுத்துவது அதுதான். வண்ணப் படத்தில் இருக்கும் மரமும் வாங்கிலும் சட்டமல்ல, பைலோவில் உள்ள மீற்றர் கணக்குத்தான் சட்டம்.

ஒரு பொறி: ஆவணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். முதல் விண்ணப்பத்தில் 28 மாடி என்று இருந்தது, திருத்திய விண்ணப்பத்தில் 24 ஆகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் அனேகமாகப் பழைய விண்ணப்பத்தினுடையதாக இருக்கும். அதை வைத்துக் கொதித்து எழுதினால், "அது இப்போது திட்டத்தில் இல்லை" என்ற ஒரு வரியோடு உங்கள் கடிதம் ஒதுக்கப்பட்டுவிடும். மேல்மூலையில் உள்ள சமர்ப்பித்த திகதியைப் பார்த்து, கடிதத்திலும் அந்தத் திகதியைக் குறிப்பிடுங்கள்.

கோப்பில் இல்லாத ஏதாவது தேவை என்றால் தகவல் கோரிக்கை செய்யலாம். விண்ணப்பக் கட்டணம் 5 டொலர். தேடும் நேரத்துக்கு ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 7.50 டொலர், பிரதிக்குப் பக்கத்துக்கு 20 சதம். பதிலுக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ எடுக்கலாம், ஆகவே கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் போட்டால் பயனில்லை. எனக்கு இது ஒருமுறையும் தேவைப்படவில்லை. கேட்டதையெல்லாம் பிளானரே அனுப்பிவிட்டார்.

4. அடர்த்தி எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

கூட்டத்தில் ஒருவர் "நாலரை" என்பார், மற்றவர் "அறுநூறு" என்பார். இரண்டும் ஒரே கட்டடமாக இருக்கும். முதலில் எனக்கு இது விளங்கவே இல்லை, அதனால் ஒரு கணக்கோடு சொல்கிறேன்.

காணி 2,000 சதுர மீற்றர் என்று வையுங்கள். எல்லாத் தளங்களையும் கூட்டினால் 9,000 சதுர மீற்றர். 9,000 ஐ 2,000 ஆல் பிரித்தால் 4.5. இதுதான் தளப்பரப்பு விகிதம், எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வார்கள். அந்தக் கட்டடத்தில் 120 அலகுகள் இருக்கின்றன. காணி 0.2 ஹெக்டயர், ஆகவே ஹெக்டயருக்கு 600 அலகுகள்.

இப்போது இதே காணியில் 400 சதுர மீற்றரை வீதி அகலிப்புக்காக நகரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். மிச்சம் 1,600. விகிதம் 5.6 ஆகிவிடும், ஹெக்டயருக்கு 750 அலகுகள் ஆகிவிடும். கட்டடத்தில் ஒரு கல்லும் கூடவில்லை. ஆகவே எண்ணைக் கேட்டதும் முதல் கேள்வி: இது மொத்தக் காணிக்கா, கொடுத்தது போக மிச்சத்துக்கா? இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவையா?

உயரமும் அடர்த்தியும் ஒன்றல்ல. காணியின் 60 சதவீதத்தை மூடும் 6 மாடிக் கட்டடத்தின் விகிதம் 3.6. காணியின் 20 சதவீதத்தை மட்டும் மூடும் 18 மாடிக் கோபுரத்தின் விகிதமும் 3.6 தான். உங்களுக்குப் பிரச்சினை நிழலா, மரங்கள் போவதா, வீதியில் கூடும் சனமா? அதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லாமல் "அடர்த்தி கூடிவிட்டது" என்றால், உயரத்தைக் குறைத்து உங்கள் பின்வளவு வரை அகலமாகக் கட்டித் தருவார்கள்.

ரயில் நிலையத்துக்கு அருகில் என்றால் இன்னொரு அளவும் வரும். பெரிய பொதுப்போக்குவரத்து நிலையங்களைச் சுற்றி, ஏறத்தாழ 500 முதல் 800 மீற்றர் வரையான பகுதிக்கு மாகாணம் குறைந்தபட்ச அடர்த்தியை வைத்திருக்கிறது. வசிப்போரும் வேலை செய்வோரும் சேர்த்து ஹெக்டயருக்கு சுரங்க ரயில் என்றால் 200 பேர், இலகு ரயில் அல்லது விரைவு பஸ் என்றால் 160, கோ (GO) எனப்படும் புறநகர் ரயில் என்றால் 150. இது முழுப் பகுதிக்குமான அளவு, ஒவ்வொரு காணிக்கும் தனித்தனியாக அல்ல. "சட்டம் 200 கேட்கிறது, அதனால் இந்தக் காணியில் இவ்வளவு கட்டியே ஆகவேண்டும்" என்று யாராவது சொன்னால், அது முழுப் பகுதியின் கணக்கு என்று அமைதியாக நினைவூட்டுங்கள்.

5. பிளானருக்கு முதல் மாதத்திலேயே எழுதுங்கள்

நகரசபை உறுப்பினர்கள் கூட்டத்தன்று கையில் வைத்திருப்பது அலுவலர் அறிக்கை. அதை எழுதுபவர் பிளானர். அறிக்கை எழுதி முடியுமுன் உங்கள் கடிதம் அவரிடம் போய்ச் சேர்ந்தால், அதில் உள்ளவற்றுக்கு அவர் அறிக்கையில் பதில் எழுதுவார். கூட்டத்துக்கு முதல் நாள் இரவு அனுப்பினால் அது பின்னிணைப்பில் ஒரு பக்கமாகத் தொங்கும், அவ்வளவுதான்.

ஒரு பக்கக் கடிதம் போதும். கோப்பு இலக்கம், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் (தெருப் பெயர் போதும்), என்ன மூன்று விடயங்களைக் கேட்கிறீர்கள், ஏன். முடிவில் இந்த ஒரு வரியை மறக்காமல் எழுதுங்கள்: "இந்த விண்ணப்பம் பற்றிய எல்லா அறிவித்தல்களையும் தீர்மானத்தையும் எனக்கு அனுப்பும்படி எழுத்துமூலம் கேட்டுக்கொள்கிறேன்." எழுத்தில் கேட்டவருக்கே தீர்மான அறிவித்தல் அனுப்பப்படும். முதல்முறை நான் தவறவிட்டது இதைத்தான்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்பதில் தப்பில்லை, ஆனால் கையெழுத்தும் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் கடிதம் பொது ஆவணமாகும், பெயரோடு இணையத்தில் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தொலைபேசி இலக்கம், பிள்ளைகளின் பாடசாலை, வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்பதெல்லாம் உள்ளே எழுத வேண்டாம்.

நூறு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றை விட, பத்துப் பேர் சொந்த வார்த்தையில் எழுதிய பத்துக் கடிதங்கள் எடை கூடியவை. ஒரே வாசகத்தைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவதும் மனுப் போலத்தான்.

6. எதைக் கேட்கலாம், எதைச் சொல்லக்கூடாது

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். எங்கள் ஆட்கள் எழுந்து பேசிய கூட்டங்களில் நல்ல கேள்விகள் பல வீணானது இங்கேதான்.

"வீட்டு விலை இறங்கும்" என்பது திட்டமிடல் காரணமே அல்ல. சொல்லாதீர்கள். "வாடகைக்காரர் வருவார்கள்", "எப்படிப்பட்ட சனம் வருமோ" என்பது அதைவிட மோசம். ஸோனிங் கட்டடத்தையும் அதன் பயன்பாட்டையும் ஒழுங்குபடுத்தலாம், அதில் யார் வாழ்வது என்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் இடம் கொடுக்காது. நாங்களும் இந்த நாட்டுக்கு வந்து முதலில் ஏறியது அப்படிப்பட்ட வாடகைத் தொடர்மாடி ஒன்றில்தான். இதைச் சொல்பவரைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

வாகனத் தரிப்பிடம் பற்றிய வாதமும் பல இடங்களில் எடுபடாது. ரொறன்ரோ 2021 டிசம்பரில் பெரும்பாலான குறைந்தபட்சத் தரிப்பிட விதிகளை நீக்கிவிட்டது. 2024 இலிருந்து, பாதுகாக்கப்பட்ட பெரிய நிலையப் பகுதிகளுக்குள் (பெரிய ரயில், பஸ் நிலையங்களைச் சுற்றி ஒஃபிஷியல் பிளானில் எல்லை குறித்த இடங்கள்) மாகாணத்தின் எந்த நகரமும் தரிப்பிடம் கட்டாயம் என்று விதிக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கேட்கக்கூடியவை: விநியோக வான்கள் நிற்கும் இடம், மாற்றுத்திறனாளிகளுக்கான இடம், பாடசாலை வழியில் கடவை.

கேட்கத் தகுந்தவை பல உண்டு. பெரிய வீடுகளைக் கேளுங்கள். ரொறன்ரோவின் வழிகாட்டுநெறி, 20 அலகுகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில் 10 சதவீதமாவது மூன்று படுக்கையறையாகவும் 15 சதவீதமாவது இரண்டு படுக்கையறையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நகரத்தில் இருந்தாலும் இதை உதாரணமாகக் காட்டலாம். கோபுரங்களுக்கிடையே உள்ள தூரம், உங்கள் பின்வளவை நோக்கிக் கட்டடம் படிப்படியாக இறங்குவது, தரைத்தளத்தில் சிறு கடைகளுக்கு இடம் ஆகியவையும் திட்டமிடலுக்குள் வருபவை.

கழிவுநீர்க் குழாய் தாங்காது என்பது உங்கள் கவலை என்றால் "வேண்டாம்" என்று சொல்வதை விட "தடுத்துவைப்புக் குறியீடு போடுங்கள்" என்று கேட்பது நல்லது. பைலோவில் எச் (H) என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள். குழாய் மேம்படுத்தப்படுவது போன்ற நிபந்தனை நிறைவேறி அந்த எழுத்து நீக்கப்படும்வரை அனுமதித்த அடர்த்தியைக் கட்ட முடியாது. இரண்டாம் முறை நான் கேட்ட மூன்றில் ஒன்று இது. அலுவலர் அறிக்கையிலேயே பரிந்துரையாக வந்தது. மூன்று படுக்கையறை வீடுகளின் எண்ணிக்கையும் கூடியது. மூன்றாவது, பின்பக்கத்து மரங்கள், கிடைக்கவில்லை.

7. இடிக்கப்படும் கட்டடத்தில் நீங்களே வாடகைக்கு இருக்கிறீர்களா?

அப்படியென்றால் உங்கள் நிலைமை வேறு. ஸோனிங் மாற்றம் நிறைவேறியது என்பதற்காக நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. இடிப்பதற்காக வீட்டுக்காரர் N13 என்ற படிவத்தில் குறைந்தது 120 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட அலகுகள் உள்ள கட்டடத்தில் மூன்று மாத வாடகையும், அதற்குக் குறைந்த கட்டடத்தில் ஒரு மாத வாடகையும் இழப்பீடு. ரொறன்ரோவில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை அலகுகளை இடிக்க நகரத்தின் தனி அனுமதி வேண்டும், மாற்று வாடகை வீடுகள் பற்றிய நிபந்தனைகள் அதோடு வரும்.

யாராவது N11 படிவத்தோடு வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். அது நீங்களாகவே ஒப்புக்கொண்டு வெளியேறுகிறீர்கள் என்ற கடதாசி. போட்டால் மேலே சொன்ன உரிமைகள் போய்விடலாம். சமூகச் சட்ட உதவி நிலையங்களில் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருவார்கள். முதலில் அங்கே காட்டுங்கள்.

8. நாட்காட்டியைக் குறித்துவையுங்கள்

விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்கப்பட்டு 15 நாட்களுக்குள் அதுபற்றிய அறிவித்தல் வரவேண்டும். நகரசபைக்குத் தீர்மானிக்க 90 நாட்கள் உண்டு. ஒஃபிஷியல் பிளான் மாற்றமும் சேர்ந்திருந்தால் 120. அதற்குள் தீர்மானிக்காவிட்டால் விண்ணப்பதாரர் நேரே ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே நீங்கள் பங்கேற்பாளராகச் சேர அனுமதி கேட்கலாம், ஆனால் உங்கள் கருத்தை எழுத்தில் மட்டுமே ஏற்பார்கள்.

சட்டப்படியான பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 20 நாட்களுக்கு முன் அறிவித்தல் வரும். நிகழ்ச்சிநிரலும் அலுவலர் அறிக்கையும் பொதுவாக ஒரு கிழமை அளவில் முன்னால்தான் வெளியாகும். அறிக்கையை வாசித்து, பேச்சைத் திருத்த உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு கிழமைதான். வேலையில் லீவு கேட்பவர்கள் 20 நாள் அறிவித்தல் வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

பாடசாலை மண்டபத்தில், நூலகத்தில், அல்லது கணினித் திரையில் மாலை நேரத்தில் நடக்கும் "சமூகக் கலந்துரையாடல்" வேறு, இது வேறு. அறிவித்தலில் திட்டமிடல் சட்டத்தின் கீழான பொதுக்கூட்டம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கலந்துரையாடலுக்கும் போங்கள், கேள்வி கேட்க அது நல்ல இடம். ஆனால் அங்கே சொன்னதை அன்றிரவே பிளானருக்கு எழுதி அனுப்புங்கள்.

9. பேசும் நாள்

எங்கே பேசுவது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். ரொறன்ரோவில் ஸ்காபரோ, நோர்த் யோர்க் போன்ற சமூக சபைகளின் (அந்தந்தப் பகுதி நகரசபை உறுப்பினர்களின் குழுக்கள்) கூட்டத்தில்தான் பொதுமக்கள் பேசலாம். இறுதி வாக்கெடுப்பு நடக்கும் முழு நகரசபைக் கூட்டத்தில் பேச முடியாது, பார்த்துக்கொண்டு இருக்கலாம். "பெரிய கூட்டத்தில் பேசிக்கொள்வோம்" என்று காத்திருந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். வேறு நகரங்களில் திட்டமிடல் குழுவில் நடக்கும், நடைமுறை நகரத்துக்கு நகரம் மாறும். கிளார்க் (நகரசபைச் செயலாளர்) அலுவலகத்தைக் கேளுங்கள்.

பெயர் பதிவதும் அங்கேதான், இலவசம். பதிவு முடியும் நேரம் அறிவித்தலில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பதியும்போதே கேளுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் ஒழுங்கு செய்ய முடியாது. நேரில் வர முடியாதவர்கள் தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவில் வழக்கமாக ஐந்து நிமிடம் தருவார்கள். ஆட்கள் கூட என்றால் மூன்றாகக் குறைப்பார்கள். ஆகவே மூன்று நிமிடத்துக்கே எழுதிக்கொண்டு போங்கள். பெயர், கோப்பு இலக்கம், ஆதரவா எதிர்ப்பா அல்லது நிபந்தனையோடு ஆதரவா, கேட்கும் மூன்று விடயங்கள். இவை முதல் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். நாங்கள் கதையை ஆதியிலிருந்து சொல்லிக் கடைசியில் விடயத்துக்கு வரப் பழகியவர்கள். விடயத்துக்கு வருமுன் மணி அடித்துவிடும்.

பேசி முடிந்ததும் எழுந்து போகாதீர்கள், கொஞ்சம் நில்லுங்கள். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த நேரம் உங்கள் ஐந்து நிமிடத்தில் சேராது. நான் அதிகம் சொன்னது அந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான். காத்திருக்க நேரிடும், ஆகவே மருந்தும் தண்ணீரும் கொண்டு போங்கள்.

10. செலவு

கடிதம், பதிவு, பேச்சு எதற்கும் கட்டணம் இல்லை. உண்மையான செலவு அரை நாளோ ஒரு நாளோ சம்பளம் போவதும், ஆவணம் வாசிக்கும் இரவுகளும். எனக்குப் பத்து மணித்தியாலம் அளவில் போயிருக்கும். தனியார் பிளானரை அமர்த்துவது விலை கூடியது. தனியாக அதில் இறங்காதீர்கள். தெருவில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து, இன்ன கேள்விக்கு மட்டும் கருத்து வேண்டும் என்று முன்கூட்டியே எல்லை போட்டுப் பேசினால் ஓரளவு தாங்கும். மேன்முறையீடு எழுதித் தருகிறேன் என்று அயலவரிடம் காசு கேட்டு யாராவது வந்தால், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று கேளுங்கள்.

11. தீர்மானத்துக்குப் பிறகு

பைலோ நிறைவேறி 15 நாட்களுக்குள் தீர்மான அறிவித்தல் அனுப்பப்படும். அதில், கிடைத்த எழுத்துமூல, வாய்மூலக் கருத்துகள் தீர்மானத்தை எப்படிப் பாதித்தன என்று சுருக்கமாக விளக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் விடயம் அங்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உங்கள் வட்டார உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

பொதுக்கூட்டத்துக்குப் பின் திட்டம் மாறினாலும், மறுபடி அறிவித்தல் தேவையில்லை என்று நகரசபை முடிவெடுக்கலாம், அந்த முடிவே இறுதியானது. ஆகவே கூட்டத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையில் இரண்டு மூன்று தடவை கோப்பைத் திறந்து பாருங்கள்.

பைலோவில் எச் எழுத்து இருந்தால் கோப்பை மூடிவைக்க வேண்டாம். அதை நீக்கும்போது பொதுக்கூட்டம் நடத்தத் தேவையில்லை, நீக்கப் போகிறோம் என்ற அறிவித்தல் மட்டும்தான் வரும். அது வரும்போது உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா, பழைய மின்னஞ்சல் முகவரி இன்னும் வேலை செய்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பிளானரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பிளானரும் மாறியிருப்பார், கோப்பு இலக்கம் மாறாது.